பின்பக்கத்துக் கட்டியும் மாநில உரிமையும்

டாக்டர்கள் கத்தியைத் தொடக்கூடாது, தொட்டால் டெல்லியிலிருந்து ஆள் வந்து பிடித்துப்போய்விடுவார்கள் என்றுதான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். நானாகக் கண்டுபிடித்ததில்லை. அரசாங்கப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சித்தப்பா, அனுமந்தன்பட்டி முழுக்கக் கேட்கும்படி சத்தம்போட்டுப் படிப்பார். ஒருநாள் பழைய கிரேக்க வைத்தியர்கள்: நோயாளிக்குக் கெடுதல் செய்யமாட்டோம், கத்தி வைத்து அறுக்கமாட்டோம் என்று சாமி சாட்சியாகச் சத்தியம் செய்தார்களாம். மறுநாள் அமெரிக்கா: ஆரம்பத்தில் அங்கே மத்திய அரசு என்பது பேருக்குத்தான், மாநிலங்கள் தலையாட்டாமல் ஒரு துரும்பையும் அசைக்க முடியாதாம். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து விழுங்கிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்பக்கத்தில் கட்டி வந்தது. எலுமிச்சம்பழம் தோற்றுப்போகும். அத்தை அரிசிமாவைக் கிண்டிச் சூட்டோடு பத்துப் போட்டார். அது இன்னும் கொழுத்தது. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் கேட்டேன். கடைசியில் அப்பா சைக்கிளில் ஏற்றினார். கேரியரில் உட்கார வழியில்லாமல், அவர் தோளைப் பிடித்தபடி உத்தமபாளையம்வரை நின்றுகொண்டே போனேன். பார்த்தவர்கள் சர்க்கஸ் வருகிறது என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் டவுசரை இறக்கிப் பார்த்தார். பக்கத்துத் தட்டில் ஏதோ பளபளத்தது. கத்திதான் என்று முடிவுகட்டி வாயைத் திறந்தேன்.

"டாக்டர், நீங்க சத்தியம் பண்ணியிருக்கீக. கத்தியத் தொடக்கூடாது."

"யாரு சொன்னாக?"

"எங்க சித்தப்பா சொன்னாக. நான் மாநிலம், நீங்க மத்திய அரசு. நான் சம்மதிக்காம நீங்க ஒண்ணும் செய்யமுடியாது."

"ஏலே! முதுகுல ரெண்டு வச்சா எல்லா மாநிலமும் சம்மதிக்கும்," என்று அப்பா கையை ஓங்கினார். "நீங்க அறுங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "அவுக சொல்றது சரிதான். உடம்பு அவுகளுது. கேக்காம நான் கை வைக்கக்கூடாது."

அதுவரை என்னை யாரும் 'அவுக' என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டு மாடுகூட என்னை அவ்வளவு மதித்ததில்லை.

"ரொம்ப நேரமா நிக்கிறீகளே தம்பி. அங்கன உக்காந்து நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அமெரிக்காவையும் கிரேக்கத்தையும் ஒருசேர ஜெயித்த தோரணையில் டவுசரை மேலேற்றினேன். மேடையேறும் தலைவர்போல் நடந்துபோய் மரப்பெஞ்சில் அமர்ந்தேன்.

என் அலறல் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டதாக அப்பா இன்றைக்கும் சொல்வார்.

சத்தியமும் சம்மதமும் சேர்ந்துதான் என்னைக் கத்தியிலிருந்து காப்பாற்றின என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கட்டி நன்றாகப் பழுத்திருந்ததும், அறுக்க வேலையே இல்லையென்று டாக்டருக்குப் பார்த்ததுமே தெரிந்துபோனதும் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: கட்டிமேல் உட்கார்ந்தேன். உடைந்தது.