எந்தப் பக்கம் படுத்தனீங்கள்?

காலைப் படகடிக்குப் போன என் கணவர்தான் சாவுச் செய்தியைக் கொண்டுவந்தார். படலையடியில் நின்றபடியே, "எங்கட மிஸ்ஸி மோசம் போயிட்டாவாம்" என்றார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில், விடியப்புறமாம். உலையை இறக்கிவைத்துவிட்டுக் குந்திவிட்டேன். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த தவமணி மிஸ்ஸியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பென்சன் எடுத்த பிறகும் சைக்கிளில் வந்து சீனி வருத்தக்காரரைப் பார்த்துவிட்டுப் போவார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கனடாவில் இருந்து மகள் ஒரு சாமான் அனுப்பினாள். சின்ன வட்டம். மேல்கையில் ஒட்டினால், உடம்பில் சீனி எவ்வளவென்று போன் காட்டும், குறைந்தால் கத்தும். இவர் இரவு மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து பகலில் படுப்பவர். படுத்துக் கொஞ்ச நேரத்தில் போன் கத்தும். எழுப்பி, பனங்கட்டியோடு தேத்தண்ணி கொடுப்பேன்; கத்தாத நேரம் போனைப் பார்ப்பதில்லை. சீனி குறைகிறதே என்ற பயத்தில் இன்சுலின் ஊசியையும் நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் வாய் காய்ந்து, குடித்ததெல்லாம் சத்தி எடுத்து, எழும்ப ஏலாமல் கிடந்தார்.

மிஸ்ஸி வந்தார். படுத்தால் போன் கத்துகிற கதையைச் சொன்னேன். போனைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

"அண்ணை, எந்தப் பக்கம் படுத்தனீங்கள்?"

"இடப்பக்கம். எப்பவும் அப்பிடித்தான்."

"சாமானும் இடக்கையிலதானே?"

"ஓம். ஏன், கனடாச் சாமான் பொய் சொல்லுமோ?"

"அது பொய் சொல்லேல்லை. தோலுக்குக் கீழ இருக்கிற தண்ணியில சீனியைப் பாக்குது. கையை அமத்திப் படுத்தா அந்த இடத்தில இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத இடத்துக்குச் சீனி எப்பிடி வரும்?"

விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்றார். இவருடைய கை குளிர்ந்து விறைத்திருந்தது. இரத்தம் எடுக்க நான் விரலை நெரித்தேன். "பிதுக்காதைங்கோ அக்கா. சூடாக்கினா தானாய் வரும்" என்று சுடுதண்ணி கேட்டார். குத்தியபோது மெசினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தேறும்வரை கூடவே இருந்தார்.

"நான்தானே இவரைக் கொல்லப் பாத்தனான்" என்று அழுதேன்.

"சீனி வருத்தக்காரனுக்குப் பனங்கட்டிக் கடை நடத்தினனீங்கள், வேற என்ன" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மெசினைக் கேக்க முன்னம் ஆளைக் கேளுங்கோ."

மிஸ்ஸியைப் படகில்தான் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் இருந்து அவருடைய குளிர்ந்த கையைப் பிடித்தேன். விரலில் குத்த முன்னம் சூடாக்கத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். "தேய்ச்சது காணும், விடு" என்று என் தங்கச்சி என் கையை எடுத்துவிட்டாள்.

இன்று பகலும் போன் கத்தியது. எனக்கு எழும்பவே ஏலவில்லை. என்றாலும் போனேன். பனங்கட்டியில் கை வைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எந்தப் பக்கம் படுத்தனீங்கள்?"

மிஸ்ஸியிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். இவர் மற்றப் பக்கம் புரண்டு படுத்தார். இவருடைய கையைச் சூடாக்கி விரலில் குத்திப் பார்க்க, சுடுதண்ணி எடுக்கக் குசினிக்குள் போனேன்.