எத்தேரிக்கு ஊற்றிய முதல் கோப்பை

எங்கள் ஊருக்கு ஒயின் வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் ஒரு கதை சொல்லப்படும். பாத்ரியின் மனைவி எத்தேரி சாகக் கிடந்தபோது, "லாமாரா தாழியிலிருந்து ஒரே ஒரு கோப்பை கொடு" என்று கேட்டாளாம். மகள் லாமாரா பிறந்த வருஷம் ஒயினை ஊற்றி மூடிய தாழி அது. அவள் கல்யாணத்தன்றுதான் திறக்க வேண்டும். பாத்ரி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய், மேலே பூசியிருந்த களிமண்ணைக் கையாலேயே பெயர்த்து, முதல் கோப்பையை மனைவியின் உதட்டில் வைத்தாராம். அவள் குடித்தாளாம், சிரித்தாளாம், கண்ணை மூடினாளாம்.

இந்த இடத்தில் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆண்கள் பர்ஸை எடுப்பார்கள். கதை சொல்கிற கேலா, அதாவது பாத்ரியின் தம்பி மகன், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டில்களை முன்னால் நகர்த்தி வைப்பான்.

நானும் இந்தக் கதையைச் சொல்லி ஓசியில் குடித்திருக்கிறேன். நான் சொன்னபோது, அவள் கண்ணை மூடியதும் வெளியே ஒரு நாய் ஊளையிட்டதாகச் சேர்த்துக்கொண்டேன். நன்றாக எடுபட்டது.

ஆனால் நடந்தது வேறு. எனக்குத் தெரியும். நான் அடுத்த வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, அதிலும் பாதியை என் மாடு தின்றுவிட்டது. எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு கோழி முட்டையிட முடியாது.

பாத்ரி அண்ணனுக்கு அலசானி ஆற்றைப் பார்த்த சரிவில் திராட்சைத் தோட்டம். மேலே வெள்ளைத் திராட்சை, கீழே கறுப்பு. வீட்டுக்குப் பின்னால் தாழிக் கொட்டகை. உள்ளே நுழைந்தால் வெறும் தரைதான் தெரியும், அங்கங்கே கல் மூடிகள் இருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு தாழி, கழுத்து வரை மண்ணுக்குள். பழத்தை மிதித்து, சாறு, தோல், கொட்டை எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவோம். மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். எங்கள் ககேத்திப் பக்கம் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். ஆனால் பாத்ரி வீட்டு ஒயின் மட்டும் எங்கள் எல்லாருடையதையும் விட நன்றாக இருந்து தொலைக்கும்.

அதற்குக் காரணம் எத்தேரி அக்கா. தாழியைக் கழுவுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். பழைய வாடை ஒரு துளி தங்கினாலும் புது ஒயின் கெட்டது. பாத்ரி அண்ணனின் தொப்பை தாழியின் வாய்க்குள் நுழையாது. அக்கா குச்சி மாதிரி இருப்பாள். செர்ரிப் பட்டையில் கட்டிய தேய்ப்பானை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குவாள், இறங்கியதும் பாட ஆரம்பிப்பாள். தாழிக்குள் சில நேரம் மூச்சை அடைக்கிற காற்று தங்கியிருக்கும். பாட்டு கேட்கிற வரைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும்.

அக்கா வேண்டுமென்றே பாதிப் பாட்டில் நிறுத்துவாள். அண்ணன் அலறிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுப்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: "இருக்கேன்யா, இருக்கேன். நீ அங்க தூங்கிட்டியான்னு பாத்தேன்."

லாமாரா பிறந்த வருஷம் வெயிலுக்குக் குறையே இல்லை. பழத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பழத்தில் நல்லதாகப் பொறுக்கி ஒரு தாழி நிரப்பினார்கள். கல்லை வைத்து, ஈரக் களிமண் பூசி மூடினார்கள். பிள்ளை பிறந்தால் இப்படி ஒரு தாழி மூடுவது எங்கள் வழக்கம். அதைத் திறந்து ருசி பார்ப்பதெல்லாம் நடக்காது. திறந்தால் திறந்ததுதான். காற்று பட்ட ஒயின் சில நாளில் புளித்துவிடும், ஊரைக் கூட்டிக் குடித்துத் தீர்க்க வேண்டும். அதனால் ஒரு கோப்பை வேண்டும் என்றாலும் முழுத் தாழியும் போக வேண்டும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் நடந்த பாதிக் கல்யாணங்களுக்குப் பாத்ரி அண்ணன்தான் விருந்துத் தலைவர். எழுந்து நின்று, ஒயின் நிறைந்த மாட்டுக் கொம்பைத் தூக்கிப் பிடித்து, செத்தவர்களுக்கு, பிறக்கப்போகிறவர்களுக்கு, மாப்பிள்ளையின் மாமியாருக்கு என்று வரிசையாகப் பேசிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வார்: "அடுத்தது என் லாமாரா கல்யாணம்! அன்னிக்கு எவனும் நடந்து வீட்டுக்குப் போகக்கூடாது. தூக்கிக்கிட்டுத்தான் போகணும்!"

பல வருஷம் இதையே சொன்னார். லாமாரா வளர்ந்தாள், படித்தாள், வேலை கிடைக்காமல் இத்தாலிக்குப் போனாள். பாரி நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் யாராவது ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளிடம் அந்த நாட்டுப் பேப்பர் இல்லை. ஒரு தடவை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதனால் அவள் வரவே இல்லை.

விருந்துகளில் கிண்டல் ஆரம்பித்தது.

"பாத்ரி அண்ணே, அந்தத் தாழி இன்னும் இருக்கா? இல்ல எலி குடிச்சிருச்சா?"

"எலி குடிச்சிருந்தா இந்நேரம் அதுவே எந்திரிச்சு விருந்துப் பேச்சு பேசியிருக்கும்டா," என்பார். சிரிப்பார். ஆனால் காது மட்டும் சிவந்துவிடும்.

அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது ஒரு கோடையில். ஊசி, மாத்திரை, தலைநகர் திபிலிசியில் ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். வால்நட் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார் அண்ணன். ஒரு நாள் நான் வேலியோரம் வேலை செய்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"யோவ் பாத்ரி," என்றாள் அக்கா.

"என்ன, தண்ணியா?"

"தண்ணி யாருக்கு வேணும்? லாமாரா தாழியில ஒரு கோப்பை எடுத்துட்டு வா."

அண்ணன் சிரித்தார். "கல்யாணத்தன்னிக்குக் குடிப்பே."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"வாயக் கழுவு. டாக்டர் என்ன சொன்னாரு? வசந்தத்துக்குள்ள எந்திரிச்சு நடப்பேன்னாரு."

"அந்த டாக்டர் உன் தம்பி ஒயினையும்தான் நல்லா இருக்குன்னாரு."

"விளையாடாதே எத்தேரி. கல்யாணம் ஆகாம நான் அதைத் திறந்தா என்ன அர்த்தம்? என் பொண்ணுக்கு இனிமே கல்யாணமே கிடையாதுன்னு நானே ஊரைக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி ஆகாதா?"

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவடை வந்தது. ஊர் முழுக்க மிதித்த பழத்தின் வாசனை. அண்ணன் வீட்டுக் கூடைகளை என் டிராக்டரில்தான் ஏற்றி வந்தேன். அன்றைக்கு அக்கா சூப்பைக்கூடத் தள்ளிவிட்டாள். அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு வாய்தான்யா கேக்கறேன்."

அண்ணன் எழுந்து கொட்டகைக்குப் போனார். கல்லைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன். லாமாரா தாழிக்குப் பக்கத்தில் குனிந்தார். களிமண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார். நிறைய நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, கதவோரம் ஏற்கெனவே குடிக்கத் திறந்திருந்த வேறொரு தாழியின் மூடியை நகர்த்திக் கூஜாவில் மொண்டார்.

"அண்ணே, இது போன வருஷத்துது."

"வாய மூடுடா. இப்ப அவளுக்கு நாக்குல ருசியே இல்ல, கசப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. ஆசைக்குக் குடிக்கட்டும். நிஜத்தைக் கல்யாணத்துல குடிப்பா."

கட்டிலுக்கு வந்து, "இந்தா, லாமாரா தாழி," என்றார். அக்கா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அண்ணன் கேட்டார், "நல்ல யோசனைதானேடா பண்ணேன்?"

"நல்ல யோசனைண்ணே," என்றேன். வேறென்ன சொல்வது?

கொடிகளின் இலை சிவந்த சமயத்தில் அக்கா போய்விட்டாள்.

அடக்கத்துக்கு லாமாரா வந்து நின்றாள். எல்லாருக்கும் ஆச்சரியம். பேப்பர் இல்லாதவள் எப்படி வந்தாள், எப்படித் திரும்பிப் போவாள் என்று என் மனைவி உட்பட எல்லாரும் கணக்குப் போட்டார்கள். விடை யாருக்கும் கிடைக்கவில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் விருந்துக்கு எந்தெந்தத் தாழியைத் திறக்கலாம் என்று காலையில் கொட்டகையில் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன், கேலா, நான். லாமாரா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, என் தாழியைத் திறங்க. அம்மாவுக்காக."

"அது உன் கல்யாணத்துக்கும்மா."

"ஆயிடுச்சுப்பா."

"என்ன ஆயிடுச்சு?"

"கல்யாணம். அவரு பஸ் ஓட்டுறாரு. ஏற்கெனவே ஒரு தடவை கட்டி முறிஞ்சவரு. நல்ல மனுஷன். டவுன் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம், எதிர்க்கடையில ஆளுக்கு ஒரு காபி குடிச்சோம். அவ்ளோதான்."

கேலா என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" அண்ணனின் குரல் சின்னதாக இருந்தது. விருந்துகளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற குரல் அது.

"சொல்லியிருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா? அன்னிக்கே தாழியைத் திறந்து ஊரைக் கூட்டியிருப்பீங்க. பேப்பர் கைக்கு வராம என்னால வர முடியாது. பொண்ணே இல்லாம கல்யாண விருந்தா? பேப்பர் வந்ததும் அவரோட நேர்ல வந்து நானே சொல்றேன், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன். பேப்பர் கைக்கு வந்த வாரமே அம்மா போயிட்டா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட முந்தின நாளே சொன்னேன்பா. போன்ல அழுதா, அப்புறம் என்ன டிரஸ்னு கேட்டா."

அண்ணன் அதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த அறுவடைக்கு முன்னாடியா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடிப்பா. மூணு வருஷம் ஆகப்போகுது."

அண்ணன் அங்கேயிருந்த கல் மூடி மேல் உட்கார்ந்துவிட்டார். வால்நட் மரத்தடியில் அக்கா சொல்ல வந்து விழுங்கிய பேச்சு என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தத் தாழி திறந்திருக்க வேண்டிய தாழி. பெற்றவள் தனக்குச் சேர வேண்டிய கோப்பையைத்தான் கேட்டிருக்கிறாள், காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. நம் ஆளோ நடந்து முடிந்த கல்யாணத்துக்குக் காவல் இருந்திருக்கிறார்.

பிறகு எழுந்து, மண்வெட்டியை எடுத்து, அவரே களிமண்ணைப் பெயர்த்தார். நானும் கேலாவும் கல்லைப் புரட்டினோம். ஒயின் கெட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையாகத்தான் சொல்கிறேன், அவருக்கு அது ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். கெடவில்லை. உலர்ந்த ஆப்ரிகாட் வாசனை கொட்டகையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. கடுந்தேநீர் நிறம். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை.

முதல் கூஜாவை அண்ணன் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். ஊரே பின்னால் போனது. எத்தேரி அக்காவின் தலைமாட்டில் நின்று கூஜா முழுவதையும் மண்ணில் ஊற்றினார். பேசுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். பேசவில்லை. விருந்திலும் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

முதல் கோப்பை எத்தேரிக்குத்தான் போனது என்று ஊர் பேசிக்கொண்டது. அது உண்மைதானே? பேசப் பேசக் கல்லறை கட்டிலாயிற்று, கூஜா கோப்பையாயிற்று. கேலா கெட்டிக்காரன். மீந்த ஒயினைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து 'எத்தேரியின் கோப்பை' என்று பெயர் ஒட்டினான். பின்பக்கத்தில் கதை. அந்த ஒயின் தீர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பாட்டில் மட்டும் தீரவில்லை.

"கதைதானே பெரியப்பா? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்பான்.

அண்ணனோ விருந்தாளிகளின் வேன் சத்தம் கேட்டாலே தோட்டத்துக்குப் போய்விடுவார். கல்யாணங்களுக்குக் கூப்பிட்டால் கை வலி, கொம்பைத் தூக்க முடியாது என்கிறார். கொடி வெட்டும் கத்தரியை மட்டும் அதே கை நாள் முழுக்கத் தூக்கும். வருஷா வருஷம் லாமாராவும் அவள் புருஷனும் வருகிறார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், நன்றாகக் குடிக்கிறான். அண்ணன் அவனுக்கு ஊற்றிக் கொடுப்பார். தான் குடிப்பதில்லை.

போன வாரம் ஒரு வேன் நிறைய ஆட்கள். நானும் சும்மா நின்றுகொண்டிருந்தேன், மீதி ஏதாவது கிடைக்குமென்று. அண்ணன் கத்தரியை எடுக்கக் கொட்டகைக்குள் வந்துவிட்டார், வேன் வந்தது அவருக்குத் தெரியாது. கேலா கதையின் முடிவில் இருந்தான். "இதோ, அவரே வந்துட்டாரு!" என்று கையை நீட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். வயதான ஒரு வெளிநாட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அண்ணனின் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள்.

"குடிச்சிட்டு உங்க வீட்டம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க, பெரியப்பா. நன்றின்னு சொன்னாங்கன்னு சொல்லிடறேன்."

அண்ணன் கையை உருவிக்கொண்டார்.

"நன்றியா? அவ கேட்டா, நான் கொடுக்கல. ரெண்டு தடவை கேட்டா, ரெண்டு தடவையும் கொடுக்கல. வேற ஒயினை ஊத்திக் கொடுத்துப் பொய் சொன்னேன். முழுசாக் குடிச்சு முடிச்சிட்டு, 'கதவோரத் தாழிதானேய்யா இது'ன்னா. செத்து மண்ணுக்குள்ள போனப்புறம்தான் அவளுக்கு ஊத்தினேன். இதச் சொல்லுடா அந்தம்மாகிட்ட. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."