சவுரியம்மாள் கையில் சுற்றிய கந்தல்

சவுரியம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவளே மறந்திருப்பாள், உனக்கென்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். அவள் மறந்திருக்க மாட்டாள்.

பேரணாம்பட்டில் அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் கிடங்கில் அவள் கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள். அவள் புருஷன் அதே கிடங்கில் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழியில் இறங்கி வேலை செய்து, நெஞ்சில் சளி கட்டிச் செத்தவன். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அந்தத் துடைப்பக்கட்டைதான் சோறு போட்டது. நான் அங்கே தோலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்பதாம் வருஷம் சாயபு சென்னையிலிருந்து ஒரு பெரிய மேசையை வரவழைத்தார். முழுக்க வெள்ளை வர்ணம். வெள்ளையின் மேல் விரித்தால்தான் தோலின் நிறம் சரியாகத் தெரியும் என்று சீமையிலிருந்து தோல் வாங்குகிற துரை சொன்னானாம். மேசை வந்த மூன்றாம் நாளே ஓரத்தில் கறுப்புக் கறைகள், கோடு கோடாக.

கிடங்கின் மேஸ்திரி பஞ்சாட்சரம் நேரே அவளிடம்தான் போனார். வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இன்னாடி இது? உன் கை பட்ட எடமெல்லாம் கறுத்துப்போவுது!”

“நல்லா கழுவிட்டுத்தான் மேஸ்திரி தொடைக்கிறேன்.”

“குழியில ஊறினவன் பொண்டாட்டி கை. கழுவினா போயிடுமா? நாளையிலருந்து கையில துணி சுத்திக்கினு மேசையத் தொடு. வெள்ளிக்கிழமை துரை வர்றாரு. அன்னைக்கு ஒரு கறை இருந்தாலும் நீ வேலைக்கு வராதே.”

மறுநாள் அவள் இரண்டு கையிலும் கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பத்துப் பேர் பார்த்துச் சிரித்தார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. சலவைச் சோடாவைப் போட்டாள். கறை இன்னும் கறுத்தது, வர்ணமும் மங்கியது. வியாழக்கிழமை மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து அந்தக் கறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று வளையம். அதை ஒட்டி நீளமாக ஒன்று, நுனியில் பல் பல்லாக.

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. குழிப்பக்கம் இரும்பு ஆகாது. பட்டைத் தண்ணீர் பட்ட தோலில் இரும்பு உரசினால் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். கையில் இரும்புக் காப்புப் போட்டிருந்த ஒருவனை இதற்காகவே மேஸ்திரி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். அப்படிக் கறுத்த தோலை அவள் புருஷன் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துச் சரிசெய்வான்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பழத்தோடு வந்தாள். பாதியாக அறுத்துக் கறைமேல் மெல்லத் தேய்த்தாள். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மஞ்சளாகி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்ததும் மேசை வெள்ளையாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார். குழியிலிருந்து தோலைத் தூக்கிப் பார்த்த ஈரக் கை. வழக்கம்போல இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தை உருவி மேசைமேல் போட்டார். துரை வரும் நேரம் என்று சாயபுவும் அங்கே நின்றிருந்தார்.

“சாயபு, இப்ப மேசை சுத்தமா கீதான்னு பாத்துக்கோங்க” என்றாள் அவள். “கொஞ்சம் பொறுத்து அந்தச் சாவிய எடுக்கச் சொல்லுங்க.”

மேஸ்திரி முறைத்தார். சாயபு காத்திருந்து, தானே கொத்தைத் தூக்கினார். அடியில் கறுப்பு வளையம்.

சவுரியம்மாள் இரண்டு கையிலிருந்த கந்தலையும் அவிழ்த்து மேஸ்திரியின் முன்னால் வைத்தாள்.

“நீங்க சுத்திக்கோங்க.”

சாயபு சிரித்துவிட்டார். “அட விடும்மா, துரை வர்ற நேரம். அதைத் தொடைச்சிடு” என்றார். அவ்வளவுதான் நியாயம். அவள் வெறுங்கையால் துடைத்தாள். மறுநாள் சாவி மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

மேஸ்திரியைத் திட்டி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் குழிப்பக்கம் இரும்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஈரக் கையோடு அவர் அந்தச் சாவியை மேசைமேல் போடுவதை, பத்தடி தள்ளி உட்கார்ந்து தினமும் பார்த்தவன் நான். கந்தல் சுற்றிய கையைப் பார்த்துச் சிரித்த பத்துப் பேரில் ஒருவனும் நான்தான்.