எஸ்தரின் கையில் இருந்த இரும்புச் சாவி

என் மனைவி எஸ்தருக்கு முதல் வலிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருந்தபோது. அப்போது அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குக் கண்டி நகரத்தில் ஒரு தையற்கடையில் வேலை. பானை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. செத்தே போனாள் என்று நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கத்துவது என் பிறவிக் குணம். எங்கள் திருச்சபையார் எல்லோருக்கும் இது தெரியும்.

ஐந்து நிமிடத்தில் கண் விழித்தாள். கொஞ்ச நேரம் யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு, "என்னங்க, சோறு கொழைஞ்சிருச்சா?" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் வலிப்போடு குடித்தனம் செய்தோம். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. டொக்டர் எனக்குச் சொல்லித் தந்தார்: ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் வீண் வேலை. ஆனால் நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? அவள் விழுந்த இடமெல்லாம் யாராவது சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். ஒருமுறை கண்டி மார்க்கெட்டில் மரக்கறி விற்கிற அம்மா ஒருவர் கத்தியையே நீட்டினார். "இரும்பு கிரும்பு ஒண்ணும் வேணாம், தள்ளிப் போங்க!" என்று எல்லோர் மேலும் பாய்வேன். உதவிக்கு வந்தவர்கள் முகம் சுருங்கிப் போவார்கள்.

எஸ்தர் என்னைப் போல இல்லை. விழுந்தாலும் அடி குறையட்டும் என்று அடுப்பைத் தரைக்கு இறக்கி, உட்கார்ந்தே சமைத்தாள். குளிக்கும்போது கதவைத் தாழ் போடாமல், சத்தமாகப் பாட்டுப் பாடுவாள். பாட்டு நின்றால் நான் ஓட வேண்டும், அதுதான் ஏற்பாடு. சுருதி சேராத குரல். ஆனாலும் அந்த நாட்களில் அதைவிட இனிமையான ஒன்றை என் காது கேட்டதில்லை. அடுத்த வீட்டுச் சிங்கள டீச்சரிடம் சொல்லி ஒரு கடதாசியில் ஏதோ எழுதி வாங்கினாள். சேலை முந்தானையில் சின்னப் பை வைத்துத் தைக்கச் சொல்லி அதில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. "வலிப்பு வரும், பயப்படாதீங்கன்னு எழுதியிருக்கு" என்றாள். நானும் நம்பினேன்.

பிறகு வலது கண் மங்கத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி, இத்தனை நாள் வலிப்புக்கும் அதுதான் காரணம் என்றார்கள். சீக்கிரம் எடுக்காவிட்டால் முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குக் கட்டில் கிடைத்தது. பகல் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. எஸ்தரிடம் அடையாள அட்டை கிடையாது. ஹேவாஹெட்டயில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்தபோது பிறப்புச் சான்றிதழும் எரிந்துபோயிற்று. கிராம சேவகரின் கடிதம் ஒன்றுதான் கையில். திங்கட்கிழமை முழுவதும் முழங்காலில் நின்றேன். ஒரே ஒரு ஜெபம்தான். "ஆண்டவரே, நாளைக்கு மட்டும் வலிப்பு வேண்டாம். சோதனைச் சாவடியில் வரவே வேண்டாம்."

காலை பஸ்ஸில் கிளம்பினோம். கடுகண்ணாவையைத் தாண்டி ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு ராணுவக் கோப்ரல், கடுகடுத்த முகம். கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அட்டை எங்கே என்றார். இல்லை என்றேன். பொலிஸில் விசாரித்துப் பதில் வரும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீட்டினேன். எல்லாம் ஆங்கிலம், அவர் பார்க்கவே இல்லை. பஸ் போய்விட்டது. மணி எட்டரை ஆயிற்று. பதில் வரவில்லை.

அப்போது எஸ்தர் விழுந்தாள்.

என் நெஞ்சு உடைந்துபோனது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் ஆண்டவரைத் திட்டினேன். கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தரவில்லையே என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

அந்தக் கோப்ரல்தான் மற்றவர்களைக் கையமர்த்தினார். துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டார். "நங்கி, நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டபடி, டொக்டர் சொன்ன மாதிரியே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "என் தம்பிக்கும் இதே வலிப்பு வருத்தம்தான்" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு இரும்புச் சாவியை எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடினார். இரும்பு வேண்டாம் என்று கத்த வாய் திறந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடினேன்.

முந்தானைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கடதாசியை எடுத்து வாசித்தார். முகம் மாறியது. எழுந்து போய்த் தண்ணீர்ப் போத்தலோடு வந்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஏன்?" என்றேன்.

அவர் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார். "என் கணவர் கத்துவார். நல்ல மனுஷன். அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்."

அழுதேன். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இரண்டு வருடமாக அவள் விழுந்துகொண்டிருக்கிறாள், கவலை முழுவதும் என்னைப் பற்றி. இப்படிப்பட்டவளை எனக்குக் கொடுத்தவரையா நான் திட்டினேன் என்று குறுகிப்போனேன்.

அதற்குப் பிறகு அவர் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. மேலதிகாரியிடம் ஓடிப்போய்ப் பேசி அனுமதி வாங்கினார். கொழும்புக்குப் போன ஒரு வேனை மறித்து, கண் விழித்திருந்த எஸ்தரையும் என்னையும் ஏற்றினார். வழியில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு எந்தச் சாவடியிலும் எங்களை இறக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். வராதே என்று நான் கேட்ட வலிப்பு வராமல் இருந்திருந்தால், அந்தச் சாவடி ஓரத்திலேயே பொழுது போயிருக்கும். கட்டிலும் போயிருக்கும். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார், என் யோசனையைத்தான் கேட்கவில்லை.

கட்டியை முழுதாக எடுத்தார்கள். புற்று இல்லை என்றார்கள். மாத்திரைகளும் ஒவ்வொன்றாக நின்றன. அதன் பிறகு வலிப்பு ஒருநாளும் வரவில்லை. எஸ்தர் இன்றும் குளிக்கும்போது பாடுகிறாள். எதற்கு என்று கேட்டால், "பழகிப்போச்சுங்க" என்கிறாள்.

அந்தச் சாவி அவள் கையோடு வந்துவிட்டது. உடம்பு தேறியதும் திருப்பிக் கொடுக்கப் போனோம். கோப்ரலை வடக்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். சீட்டில் அவர் கையெழுத்தையும் யாராலும் வாசிக்க முடியவில்லை. சாவிக்கு ஒரு துணிப் பை தைத்து, ஜெபிக்கிற இடத்தில் மாட்டினேன். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எஸ்தர் தவறாமல் அவருக்காக ஜெபித்தாள்.

கூட்டத்துக்கு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வருவார். ஷெல்லடியில் வீட்டை இழந்தவர், காணாமற்போன மகனைத் தேடுகிறவர். முதல் நாளே எழுந்துவிட்டார். "ஆமிக்காரனுக்கோ என்னை ஆமென் சொல்லச் சொல்லுறியள்? என்னால ஏலாது."

"நீங்க சொல்ல வேணாங்க்கா. நான் சொல்லிக்கிறேன். நீங்க சும்மா பக்கத்துல இருங்க" என்றாள் எஸ்தர். அந்த மகனுக்காகவும் ஒவ்வொரு வாரமும் ஜெபித்தாள்.

பல மாதம் கழித்து ஒரு புதன்கிழமை எஸ்தருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் ஜெபத்தை நடத்தி அவசரமாக முடிக்கப் போனேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, "பொறுங்கோ தம்பி. சாவிக்காரரை விட்டிட்டியள்" என்றார். பிறகு அவரே ஜெபித்தார். அன்று சொன்னதுபோல ஒரு ஆமெனை நான் இதுவரை வேறெந்த நாளும் சொன்னதில்லை.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் விழுந்து எழுந்துகொண்டிருக்கலாம். கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், கர்த்தர் தாங்கிக்கொள்வார். எந்த வாசல் வழியாக உதவி வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். யுத்தம் முடிந்துவிட்டது, சாவி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வலிப்பு வருகிற தம்பி ஒருவனுடைய அண்ணனான பழைய கோப்ரல் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், எஸ்தர் நன்றாக இருக்கிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள்.