படத்தில் வராத பாட்டு

காரைக்காலில் எங்கள் பங்குக் கோயில் மைதானத்தில், நெடுங்காலம் நின்றுபோயிருந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தை இந்தத் தவக்காலத்தில் மறுபடி போடுகிறார்கள். ஒத்திகையில் ஒரு பெண் பாடத் தொடங்கியதும் எனக்குச் சவரச் சோப்பு வாசம் வந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது அந்த நாடகத்தில் அப்பாவுக்குப் பெண்வேஷம். தவக்காலம் பிறந்தால் மீசையை எடுத்துவிடுவார். எனக்குக் காய்ச்சல் கண்டால் மடியில் போட்டுக்கொண்டு இதே பாட்டைத்தான் பாடுவார். மழுமழுவென்ற கன்னம் என் நெற்றியில் சில்லென்று படும்.

பிறகு அந்த நாடகத்தைப் படமாக எடுத்தார்கள். கொட்டகையில் கடைசிவரை காத்திருந்தேன்.

"நம்ம பாட்டு வரலையேப்பா?"

"நீளமாயிருக்குன்னு வெட்டிட்டாங்கடா."

எங்கள் வீட்டுத் தாலாட்டை எவரோ எப்படி வெட்ட முடியும்? எனக்குப் புரியவேயில்லை.

இன்று நாடகம் போடுகிறவரிடம் கேட்டேன்.

"இது யாரு பாடுற பாட்டுங்க?"

"இயேசுவுக்கு இடப்பக்கம் சிலுவையில தொங்குனானே ஒரு கள்ளன், அவனோட அம்மாங்க. மகன் பொணத்த மடியில போட்டுக்கிட்டுப் பாடுறா."

மேடையில் அவள் குனிந்து, மடியில் கிடந்தவனின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். என் கை தானாக என் நெற்றிக்குப் போனது.

அப்பா என்னைத் தூங்கவைத்தாரா, ஒத்திகை பார்த்தாரா?