சியாமில் மட்டும் போட்ட பெல்ட்

கட்டைவிரல் அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. அதன் தலையில் கறுப்புப் பிளாஸ்டிக். பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் பீப் பீப் என்று கத்துமே, அந்த வாயை அடைப்பதற்கென்றே செய்த பொருள் இது. பெல்ட்டின் நாக்கு போய் மாட்ட வேண்டிய துவாரத்தில் இதைச் செருகிவிட்டால், ஓட்டுகிற ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும். சுங்கைப்பட்டாணி இரவுச் சந்தையான பசார் மாலாமில், கைப்பேசி உறைகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கினார். அவ்வளவு ஆசையாக அவர் எனக்கு ஒரு ரவிக்கைத் துணிகூட வாங்கியதில்லை. “காடியையே ஏமாத்திட்டேன் பாத்தியா?” என்று செருகிக் காட்டினார். “என்னை ஏமாத்தி முடிச்சாச்சு, அடுத்து காடிதானே,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர் அவர். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் வீடு. தீபாவளி முடிந்த கையோடு வருடம் தவறாமல் சியாமுக்குப் போவோம். தாய்லாந்து என்று ரேடியோவில்தான் சொல்வார்கள். எங்களுக்கு அது சியாம்தான். எல்லைக்கு முன்னால் சங்லூனில் காரை நிறுத்தி, அந்த நாட்டுக்கான இன்சூரன்ஸ் எடுப்பார். அங்கிருந்தே பாடம் ஆரம்பமாகிவிடும். “அங்கயும் நம்மள மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். ஆனா சில சந்தியில சிவப்பு விளக்கு எரிஞ்சாலும் இடது பக்கம் திரும்பிக்கலாம், போர்டு போட்டிருப்பான். நம்ம ஊர்ல அப்படித் திரும்புனா சம்மன்தான். எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா வழி விடறான்னு நெனைச்சுக்காத. நான் வரேன், நீ நில்லுன்னு சொல்றான்.” நான் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்ததோடு சரி, பிடித்து ஓட்டியதில்லை. எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இரண்டு நாட்டுச் சாலைச் சட்டமும் மனப்பாடம். லைசென்ஸ்தான் இல்லை.

பெல்ட் விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே சட்டம். இங்கேயும் போட வேண்டும், அங்கேயும் போட வேண்டும். என் வீட்டுக்காரருக்குத்தான் இரண்டு சட்டம். எல்லைக் கதவு கண்ணில் பட்டதும் தகட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடுவார். பெல்ட்டை இழுத்து மாட்டுவார். முதுகு நிமிரும், கார் மெதுவாகும். சாலையைக் கடக்கிற கோழிக்குக்கூட நின்று வழி விடுவார். போலீஸ்காரனைக் கண்டால் மாமனாரைக் கண்ட புது மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. இதெல்லாம் போகட்டும். அங்கே போனால் என்னிடம் பேசும் குரலே மாறிவிடும். “கால் வலிக்குதா? நிறுத்தட்டுமா?” என்பார். ஹாட்யாய் போய்ச் சேர்வதற்குள் நான் கல்யாணமான புதுசுக்கே போய்விடுவேன்.

திரும்பி வரும்போது இமிகிரேஷன் தாண்டி நாலு கார் நீளம்கூட ஓட மாட்டார், கை சட்டைப் பைக்குப் போய்விடும். பெல்ட் விருட்டென்று சுருட்டிக்கொண்டு ஓடும். தகடு உள்ளே போகும். “ஸ்ஸப்பா, நம்ம ஊரு லா!” என்று காலை அகட்டி உட்காருவார். என் கால் வலி அந்த நாட்டோடு சரி. “அந்தப் போலீஸ்காரனக் கையோட கூட்டியாந்து நம்ம வீட்டு மூலையில நிக்க வைக்கணும்,” என்பேன். “அவனுக்கும் சேத்து நீதான் சமைக்கணும்,” என்பார்.

கடைசியாகப் போய் வந்த வருடமும் இப்படித்தான். வீடு வந்து மூட்டைகளை இறக்கியதும், ரொட்டி வாங்கி வருகிறேன் என்று பீடோங்குக்குக் கிளம்பினார். “பெல்ட்டப் போடுங்க,” என்றேன். “இந்தா இருக்கிற கடைக்கு எதுக்குடி பெல்ட்டு?” என்றார். எஸ்டேட் சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. சியாமில் அத்தனை மைல் பத்திரமாக ஓட்டிய மனிதர், அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் போய்விட்டார்.

காரை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு நானும் மூத்த மகனும் போனோம். முன்பக்கம் தகரக் குவளையை மிதித்தது போல் கிடந்தது. உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். தகடு மட்டும் துவாரத்தில் மயிரிழைகூட அசையாமல் செருகியிருந்தது. அவர் பெல்ட் போட்டிருக்கிறார் என்று அந்தக் கார் கடைசிவரை நம்பியிருக்கிறது, பாவம். பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மகன் பார்த்துக்கொண்டுதான் நின்றான். துக்கத்துக்கு வந்தவர்கள், அவருக்கு நேரம் வந்துவிட்டது என்றார்கள். தலையை ஆட்டினேன். அந்த நேரம் பசார் மாலாமில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

போன தீபாவளிக்கு மகன் என்னைச் சியாமுக்கு அழைத்துப் போனான். தொழிற்சாலையில் சூப்பர்வைசர், புதுக் கார். அதிலும் ஒரு தகடு, இன்னும் பளபளப்பாக. “அப்பா போனது மறந்துடுச்சாடா?” என்று கேட்டேன். “அது அந்த லோரிக்காரன் தப்பும்மா,” என்றான். எல்லை வந்ததும் தகட்டைப் பிடுங்கிக் கியருக்குப் பக்கத்துக் குழியில் போட்டான், பெல்ட்டை மாட்டினான். “அங்க சில சந்தியில சிவப்பு விளக்குலயும் திரும்பலாம்மா,” என்று ஆரம்பித்தான். அப்பனின் அதே குரல். ஹாட்யாய் சாலையில் போகும்போது, “கால் வலிக்குதாம்மா?” என்றும் கேட்டான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது சங்லூனில் குடிக்கத் தண்ணீர் வாங்க இறங்கினான். அதற்குள் குழியில் கிடந்த தகட்டை எடுத்து அப்பனுடையதோடு என் பையில் போட்டுவிட்டேன். வந்தான், உட்கார்ந்தான், காரைக் கிளப்பினான். பீப் பீப் என்று ஆரம்பித்தது. கை குழியைத் துழாவியது.

“ம்மா, இங்க ஒரு கிளிப்பு இருந்துச்சே, பாத்தீங்களா?”

“எனக்கென்னப்பா தெரியும்? நான் என்ன காடி ஓட்டறவளா?”

“இங்கதான் லா வச்சேன்!”

“சியாம்லயே விட்டுட்டியோ என்னமோ. அங்கதான் எல்லாத்தையும் ஒழுங்கா வைப்பே.”

கார் கத்திக்கொண்டே ஓடியது. கோயில் மணிகூட எனக்கு அவ்வளவு இனிப்பாகக் கேட்டதில்லை. கொஞ்ச தூரத்தில் பொறுக்க முடியாமல் ஓரங்கட்டினான். பெல்ட்டை இழுத்தான். அப்பாடா, ஜெயித்தேன் என்று நினைத்தேன். இழுத்த பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டினான். அதன் மேலேயே வசதியாகச் சாய்ந்துகொண்டான். சத்தம் நின்றது.

“இப்ப எப்படி?” என்று திரும்பிச் சிரித்தான். “காடியையே ஏமாத்திட்டேன் பாத்தீங்களா?”

எதிரே லோரிகள் வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு இன்னும் வெகுதூரம். சாலைக் குழிகளில் விழும்போதெல்லாம் என் மடியிலிருந்த பைக்குள் அப்பன் தகடும் மகன் தகடும் முட்டிக்கொண்டு டிங் டிங் என்றன. கார் வாயே திறக்கவில்லை.