தறிக்கு நடுவே நின்ற நாடா

அந்தப் படத்தில் ஒரு மர நாடா பாவு நூல்களுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அதன் கூர்மூக்கு ஒரு விரல்கடை தூக்கியிருக்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓயாமல் பாய்கிற பொருள் அது. பாய்ச்சலின் நடுவே அதன் உருவத்தைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் தறி ஷெட்டில் அதுவரை யாருமில்லை.

இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் காஸ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் நான் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பிள்களைப் படமெடுத்து வெளியூருக்கு அனுப்ப வாங்கிய டிஜிட்டல் கேமரா என் மேஜையில் இருந்தது. அதை எப்போதும் ஆட்டோ மோடிலேயே வைத்திருந்தேன். அசையாத துணிக்கு அது போதும்.

எங்கள் ஷெட்டில் தறி ஓட்டிய அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பல வருஷமாக ஆறு தறிகளைத் தனியாகப் பார்த்தவர். அந்த மாதம் அவருடைய நாலாவது தறியில் மட்டும் ஊடை அறுந்துகொண்டே இருந்தது. தறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு மெஷினில் கோளாறு இல்லை என்றார். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, திங்கட்கிழமை முதல் துணி மடிப்புப் பக்கம் போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மடிப்பது லேசான வேலைதான். ஆனால் இனி இவரால் தறி ஓட்ட முடியாது என்று முடிவானவர்களுக்கான இடம் அது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. “கண்ணு மங்குனா ஆறு தறியிலயும்லா அறுந்து போகணும்? இந்த ஒண்ணுல மட்டும் நாடா போற சத்தமே வேற. சொன்னா யாரு கேக்கா?” என்றார்.

எனக்குக் கேமரா நினைவு வந்தது. அதைக் கொண்டுவந்து, நாடா பாய்வதை ஆட்டோ மோடிலேயே படமெடுத்தேன். ஃபிளாஷ் தானாக எழும்பி, பறக்கும் பஞ்சுத் துகளையெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக்கியது. ஃபிளாஷை அணைத்தால், நாடா போன இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல் மட்டும். பிறகு கேமராவின் சக்கரத்தை ‘எஸ்’ எழுத்துக்குத் திருப்பினேன். ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வைத்தேன். படம் கன்னங்கரேலென்று வந்தது.

“வெளிச்சம் பத்தலக்கா.”

“செத்த நேரம் பொறு. மூணு மணிக்கு மேக்க வாசலத் தெறந்தா தறி மேலயே வெயில் விழும்.”

சொன்னபடி விழுந்தது. ஆனாலும் நாடா வருவதற்கு முன்னோ போன பின்னோதான் என் விரல் அழுத்தியது. அக்கா கண்ணை மூடித் தறியின் சத்தத்தைக் கேட்டார். பிறகு தாளம் போடுவதுபோல என் தோளைத் தட்டத் தொடங்கினார். “நான் தட்டும்போது அமுக்குட்டி.” எத்தனையோ வெற்றுப் படங்களுக்குப் பிறகு நாடா சிக்கியது. மூக்கைத் தூக்கி, நூலில் உரசியபடி.

பக்கத்துத் தறியையும் அதேபோல எடுத்தோம். அங்கே நாடா மூக்கைத் தூக்காமல் மட்டமாகப் போனது.

இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியதும் ஃபிட்டர் அண்ணன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டையில் பள்ளம் விழுந்திருந்தது. மாற்றிய பிறகு ஊடை அறுபடவில்லை. “தப்பு என் மேலதான்க்கா,” என்றார் அண்ணன் எல்லோர் முன்னாலும். முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். மடிப்புப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். போன வாரம் அந்த ஷெட்டுக்குப் போனபோது ஒரு தறி ஊடை அறுந்து நின்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் அதைக் கழற்றக் குனிய, அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இருப்பா. மொதல்ல ஓட விடு. அக்கா வந்து சத்தத்தக் கேக்கட்டும்.”